வாய்க்கு லீவு

மலேசியாவில் பெருநாளுக்குப் பஞ்சமே கிடையாது. ஹரி ராயா, சீனப் பெருநாள், தைப்பூசம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று காலண்டரில் சிவப்பு மை காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்தச் சிவப்பில் சேராத ஒரு பெருநாள் எங்கள் வீட்டில் இருந்தது. அதற்கு ‘வாய்க்கு லீவு’ என்று பெயர். அன்றைக்கு ஒருவரும் ஒருவரையும் ஏசக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். எங்கள் அப்பாவின் வாயைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த நாளின் அருமை தெரியும்.

அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்தார். ஆட்களை வேலை வாங்குவதுதான் மண்டோரின் வேலை. அதாவது ஏசுவது. விடியுமுன்னே பெரட்டு மணி அடித்து, ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கும்போதே தொடங்கிவிடுவார். பிந்தி வந்தவனைப் பார்த்து, ‘ஏன்யா, ஒன் மாமியா வந்து தாலாட்டி எழுப்பணுமா?’ என்பார். மரத்தடியில் கொஞ்சம் நின்றுவிட்டவனிடம், ‘அது மரமா ஒன் பொண்டாட்டியா, தடவிக்கிட்டே நிக்கிற?’ என்பார். கேட்கிறவன் கூனிப்போவான், பக்கத்தில் நிற்கிறவன் சிரிப்பை அடக்கிக்கொள்வான். நாளைக்கு அவன் முறை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்பா அந்த வாயால்தான் மண்டோரானார் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொள்வார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் யார் மேலும் கை வைத்ததில்லை. அம்மாவை ஒருநாளும் அடித்ததில்லை. எங்களுக்கு ஒரு கிள்ளுகூடக் கிடையாது. எல்லாம் வாயிலேயே முடிந்துவிடும். ஆனால் அந்த வாய் வாசலைத் தாண்டி, லயம் முழுக்கக் கேட்கும். குழம்பில் உப்பு குறைந்தால் அம்மாவின் பிறந்த வீடு வரைக்கும் போய்த் திரும்பும்.

அந்தப் பெருநாள் பிறந்த கதை சுருக்கமானது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. தேர் இழுக்கிறவர்களை ஏசி, மேளக்காரரை ஏசி, கடைசியில் ஒலிபெருக்கிக்காரனையும் ஏசி, அப்பாவின் தொண்டை கட்டிப்போனது. திங்கட்கிழமை பெரட்டில் வாயைத் திறக்கிறார், வெறும் காற்றுதான் வருகிறது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, “மண்டோர் ஐயா, இன்னிக்கு வாய்க்கு லீவுங்களா?” என்றாள். பெரட்டே சிரித்தது. அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு மறுநாள் இளவட்டங்கள் வந்து, தொண்டை கட்டாவிட்டாலும் அந்த லீவு வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா பெரிய மனசு பண்ணிக் கொடுத்தார். பெரட்டு மணியிலிருந்து வீட்டில் விளக்கு வைக்கும் வரைக்கும் ஏச்சு இல்லை என்று நேரத்தையும் அவரே வகுத்தார்.

அதற்குப் பிறகு அது லயத்துப் பெருநாளாகிவிட்டது. வெள்ளைக்காரத் துரைக்குத் தெரியாது, கணக்கு எழுதும் கிராணிக்குத் தெரிந்தும் தெரியாது. ஏசிவிட்டவர் வாயில் ஏச்சு வாங்கியவரோ அதைக் கேட்டவரோ ஒரு கை சீனியை அள்ளிப் போட வேண்டும். இதற்காகவே பொடிசுகள் காகிதத்தில் சீனியை மடித்து வைத்துக்கொண்டு, பெரியவர்களைச் சீண்டிச் சீண்டி வருவார்கள். துவைத்துப் போட்ட துணியை மிதிப்பார்கள், கோழியை அவிழ்த்து விடுவார்கள். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘கண்ணு, அந்தாண்ட போயி வெளயாடுறீங்களா?’ என்று கெஞ்ச வேண்டும். வாடி, போடி கூட ஏச்சுக் கணக்குதான். எல்லாருக்கும் ‘ங்க’ போட வேண்டும், ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட. பைப்படியில் தினமும் குடுமிப்பிடிச் சண்டை போடுகிற இரண்டு பெண்கள், அன்றைக்கு மட்டும், ‘அக்கா, உங்க பொன்னான வாளியக் கொஞ்சம் நகத்துறீங்களா?’, ‘நகத்துறேன் தாயி, நீங்க மகராசியாப் புடிங்க’ என்று கண்ணில் நெருப்பு பறக்கப் பேசிக்கொள்வதைப் பார்க்கவே கூட்டம் கூடும். அப்படிச் சிரித்த நாட்களை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நான் அப்பாவின் வாயோடு பிறந்தவள். அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன், அதோடு போச்சு. என் தங்கச்சி அப்படியில்லை. அவள் அம்மாவைக் கொண்டவள். அப்பா குரலை உயர்த்தினால் அவள் விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப்போகும். பதில் பேசமாட்டாள், அழவும் மாட்டாள். ஏச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். என்ன சொன்னார் என்பதைப் பல வருஷம் கழித்துக் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் சொல்லுவாள்.

தோட்டத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் சாயங்காலம், பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி கண் வீங்கி, ஒரு காதில் தோடு இல்லாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். புருஷன் அடித்துவிட்டான். மண்டோர் ஐயா கேட்டால் அவன் அடங்குவான் என்று நம்பி வந்திருந்தாள். அப்பா அவளை வாசலிலேயே நிற்க வைத்து ஏசினார். அடிக்கிற கைதான் அணைக்கும், அதுக்குள்ள ஊரைக் கூட்டிக்கிட்டு ஓடிவர்றதா, நாளைக்கு ஒன் பேரு என்னாத்துக்கு ஆகும் என்று லயம் முழுக்கக் கேட்டது. ராத்திரி எங்கள் வீட்டில் படுக்க வைத்தார். காலையில், பெரட்டுக்கு முன்னால், தானே கூட்டிக்கொண்டு போய்ப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்தார். அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். அவள் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, அவளுக்குக் கொடுக்கத் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றவள் என் தங்கச்சி. ஏச்சு முடிகிற வரைக்கும் அவளால் செம்பை நீட்ட முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தை விற்றார்கள். லயம் காலியாகி, நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். அப்பாவுக்கு ஒரு கிட்டங்கியில் ஜாகா வேலை. பூட்டிய கதவைக் காவல் காப்பதற்கு வாய் தேவையில்லை. ஆகவே அங்கே மிச்சமான ஏச்செல்லாம் வீட்டுக்கு வந்தது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளோடு அடுத்த சந்திலேயே குடியிருந்தேன். என் வீட்டுக்காரர் லாரியோடு பாதி நாள் வெளியூரில் இருப்பார். கோவில் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு எல்லாரும் அங்கே போவோம், மறுநாள் புந்தோங்கில் வாய்க்கு லீவு. பக்கத்து வீட்டு அக்கா வேறு தோட்டத்திலிருந்து வந்தவர். விஷயத்தைக் கேள்விப்பட்ட முதல் வருஷமே சீனி டின்னோடு வந்து சேர்ந்துகொண்டார், பிறகு சந்தே சேர்ந்துகொண்டது.

தங்கச்சியைக் காம்பார் டவுனில் கொடுத்தோம். மாப்பிள்ளை மணல் லாரி ஓட்டினான். கல்யாணத்தன்றைக்கு அப்பா எல்லார் முன்னிலையிலும் அவன் கையைப் பிடித்து, இனி அவ உங்க வீட்டுப் பொண்ணு, நல்லது கெட்டது எல்லாம் நீங்கதான் என்றார். அந்த வருஷ லீவுக்குப் புது மாப்பிள்ளையாக வந்தவன், வேண்டுமென்றே என்னை ஏசி, வாய் நிறையச் சீனி வாங்கித் தின்றுவிட்டுச் சிரித்தான். தங்கமான பிள்ளை என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

மறு வருஷத் திருவிழாவுக்கு அவர்கள் வரவில்லை. அம்மா தேர் சுற்றி வரும் வரைக்கும் வழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாமியை ஒழுங்காகப் பார்த்தாளா என்றுகூடத் தெரியாது. லாரி வேலையாக இருக்கும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை, முதல் பஸ்ஸிலேயே தங்கச்சி தனியாக வந்து இறங்கினாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெருநாள் குஷியில், “வாங்க, வாங்க. சாமிக்கு வராதவங்க சீனிக்கு வந்துட்டீங்க. உள்ள போயி பசியாறுங்க,” என்றார். நான் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அந்த வெயிலில் அவள் மணிக்கட்டு வரைக்கும் நீளக் கை வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

பின்கட்டில் முகம் கழுவப் போனவளின் பின்னாலேயே போய், கையைக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நானே ஜாக்கெட் கையைச் சுருட்டினேன். பெல்ட் தடம். சிலது ஆறிக் கறுத்திருந்தது, சிலது புதுசு. மணிக்கட்டு வீங்கியிருந்தது. என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவனையும் அவனைப் பெற்றவளையும் சேர்த்து ஏசினேன். தங்கச்சி பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு என் குரல் கேட்டுவிட்டது. ஆகா, விடிஞ்சதும் விடியாததுமா மாட்டிக்கிட்டாங்க மண்டோர் மக, என்று சிரித்துக்கொண்டே சீனி டின்னோடு ஓடிவந்தார். தங்கச்சி சட்டென்று கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. அக்கா தாராளமாக ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார். சீனி கரைகிற வரைக்கும் நான் பேச முடியாமல் நின்றேன். அந்த நேரத்தில்தான் தங்கச்சி தன் எண்ணத்தைச் சொன்னாள்.

“அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்க்கா. இன்னிக்குச் சொன்னாத்தான் உண்டு.”

நாளைக்குச் சொன்னால் என்ன, இப்பவே நான் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு அப்பாவுக்கு வாய் வந்துரும்லா. ஏசி ஏசியே என்னைய பஸ் ஏத்தி விட்டுருவாரு. இன்னிக்கு அவரால ஏச முடியாது. விளக்கு வைக்கிறதுக்குள்ள ‘இரு’ன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டாப் போதும். குடுத்த வார்த்தைய அப்பா மாத்த மாட்டாரு.”

எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பெற்ற தகப்பனிடம் ஒரு வார்த்தை வாங்க, அவர் வாய் கட்டிய நேரம் பார்த்து வந்திருக்கிறாள். ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. மறுநாள் விடிந்தால் அப்பாவின் ஏச்சுக்கு முன்னால் அவள் வாய் திறக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு விட்டால் அவள் காம்பாருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அடுத்த முறை எந்தக் கோலத்தில் வருவாளோ.

பசியாறின பிறகு அவள் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றுகொண்டேன். அம்மா அடுப்பைக் குறைத்தாள், அவளுக்கும் ஏதோ பட்டிருக்கிறது. தங்கச்சி சுற்றி வளைக்கவில்லை. ஜாக்கெட் கையை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, “அப்பா, நான் திரும்பி அங்க போகல. இங்கயே இருக்கட்டுமா?” என்று கேட்டாள்.

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. அந்த வாயை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அடுத்து வரப்போவது சந்து முழுக்கக் கேட்கும். அப்பா எட்டி, ஜன்னல் திட்டில் இருந்த சீனி டின்னை எடுத்தார். கை நிறைய அள்ளித் தன் வாயில் தானே போட்டுக்கொண்டார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் எழுந்து வாசல் கேட் பக்கம் போய், சாலையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

அவர் விழுங்கிய ஏச்சு யாருக்கானது என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கா, இவளுக்கா? அம்மாவைக் கேட்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினாள். இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணினவளுக்கே தெரியவில்லை என்றால் நான் யாரைக் கேட்பது.

அன்றைக்கு முழுக்க அப்பா பிடி கொடுக்கவில்லை. துடைப்பத்தையே தொடாத மனுஷர் வாசலைக் கூட்டினார். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். தங்கச்சி பக்கத்தில் போனால் நகர்ந்து வேறு வேலையைப் பார்த்தார். சந்துப் பிள்ளைகள் சீனிப் பொட்டலங்களோடு வந்து அவர் கைலியைப் பிடித்து இழுத்தார்கள், சைக்கிள் காற்றைப் பிடுங்கி விட்டார்கள். மண்டோர் தாத்தாவை ஏச வைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய வேட்டை. அவர் ஒவ்வொருவர் தலையையும் தடவிக்கொடுத்து, சாமி, அந்தாண்ட வெளயாடுங்க என்று அனுப்பினார். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. மத்தியானம் அம்மா பருப்பில் உப்பு போட மறந்துவிட்டாள். அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். ‘இரு’ என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது சந்து முனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தங்கச்சிக்கு அந்தச் சத்தம் தெரியும். உள்ளறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். மாமா, அந்தக் கழுதை இங்க வந்துருச்சா என்று கேட்டான். தடுப்புக்கு மேலே தலையை நீட்டிய பக்கத்து வீட்டு அக்கா, விஷயம் தெரியாமல், தம்பி ஏசிட்டீங்க, சீனி எடுத்தாறவா என்றார். அவன் இன்னும் சிரித்தான். இன்னிக்கு மாமா வீட்டுப் பெருநாளாச்சே, மறந்துட்டேன் என்றான். எனக்குப் பக்கத்தில் அம்மிக்குழவி இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்பா நாற்காலியைத் துடைத்து அவனுக்குப் போட்டார். “வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க,” என்றார். அம்மாவிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அம்மா டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா அவனிடம் லாரியைப் பற்றிக் கேட்டார், அவன் அம்மாவின் கால்வலியைப் பற்றிக் கேட்டார். அத்தனைக்கும் ‘ங்க’ போட்டார். தோட்டத்தில் அந்தப் பெண்ணின் புருஷனிடமும் அப்பா இப்படித்தான் தன்மையாகப் பேசிக்கொண்டு நடந்து போனார் என்று எனக்கு ஞாபகம் வந்தது. ஆச்சு, இவளையும் அவனோடு அனுப்பிவிடப் போகிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மாப்பிள்ளை தண்ணீரைக் குடித்துவிட்டு, இருட்டுறதுக்குள்ள போவணும், கூப்புடுங்க மாமா என்றான். அப்பா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். தங்கச்சி கதவுக்கு வெளியே ஒரு அடி வந்து நின்றாள்.

“அம்மா, நீங்க போறீங்களா?” என்று அப்பா தங்கச்சியைக் கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அவளிடம் எதையும் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொல்லுவார், அவ்வளவுதான். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அப்பா அவன் பக்கம் திரும்பினார். “போகலங்கிறாங்க மாப்பிள்ளை.”

அவன் சிரிப்பு அப்போதுதான் நின்றது. என்னா மாமா வெளயாட்டு, கல்யாணத்தன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க, இனி எங்க வீட்டுப் பொண்ணு, நல்லது கெட்டது எல்லாம் நாங்கதான்னு, என்று கேட்டான். சொன்னேங்க என்றார் அப்பா. அப்புறம் என்ன என்றான். மழை வர்ற மாதிரி இருக்கு, கெளம்புங்க என்றார் அப்பா. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

அவன் எழுந்தான். அவளைப் பார்த்து, வாடி வெளிய, என்று கத்திக்கொண்டு கதவை நோக்கி வந்தான். அப்பா வாசற்படியில் ஏறி, நிலையை அடைத்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் மரத்துக்கு மரம் நடந்த உடம்பு, அந்த வயதிலும் நிலை முழுக்க நிறைந்திருந்தது. கையை ஓங்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கும்பிட்டபடியே, “போங்க மாப்பிள்ளை,” என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் யாரையும், பகையாளியாக இருந்தாலும், போயிட்டு வாங்க என்றுதான் சொல்லி அனுப்புவோம். வெறுமனே ‘போங்க’ என்று அப்பா சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவனுக்கும் அது புரிந்தது. கொஞ்ச நேரம் அவர் முகத்தையும் கும்பிட்ட கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மோட்டாரை உதைத்தான். இந்தக் கூத்தெல்லாம் முடியட்டும், நாளைக்கு ஆளோட வாரேன், அப்பப் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் சொன்னதுதான் என் மனசிலும் இருந்தது. இந்த மரியாதையெல்லாம் இன்றைய நாளுக்கு. தோட்டத்துப் பெண்ணையும் ராத்திரி எங்கள் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, விடிந்ததும்தானே கொண்டுபோய் விட்டார். தங்கச்சியும் அதைத்தான் நினைத்திருப்பாள். பையை இன்னும் அவிழ்க்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பொழுது வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா விளக்கு வைக்கவில்லை. ஒருநாளும் நேரம் தவறாதவள். திரி சரியில்லை என்றாள். திரியைத் திரித்துக் கொடுத்தேன். எண்ணெய் கசடாக இருக்கிறது, வடிகட்ட வேண்டும் என்றாள். அப்புறம் விளக்கையே கீழே இறக்கி, புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். திருவிழாவுக்காக முந்தின நாள்தான் தேய்த்து வைத்தது. விளக்கு ஏறாத வரைக்கும் அப்பாவுக்கு வாய் இல்லை. வாயே திறக்காத அம்மாவுக்கு அன்றைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பக்கத்து வீடுகளில் விளக்கு வைத்துவிட்டார்கள். யாரோ பிள்ளையை ஏசுகிற சத்தம் கேட்டது, நாள் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுகிற சத்தம்.

“தேச்சது போதுங்க. ஏத்துங்க,” என்றார் அப்பா.

அம்மா ஏற்றினாள். முதல் குச்சி அணைந்து, இரண்டாவதுதான் பற்றியது. நாங்கள் மூன்று பேரும் கும்பிட்டோம். அப்பா வந்து தங்கச்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு அவன் எவனைக் கூட்டிக்கிட்டு வந்தாலும் நான் பேசிக்கிறேன்,” என்றார். “நீ எங்கயும் போவேணாம். இங்கயே இரு.”

வந்துவிட்டது. ‘இரு’ என்ற அந்த வார்த்தை, விளக்கு வைத்த பிறகு, ஏச வாய் இருக்கும்போதே வந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தங்கச்சி மட்டும் அசையவில்லை, சரியாகக் கேட்டோமா என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இப்போது கோபம் ஏற ஆரம்பித்தது. அது பழைய கோபம், எங்களுக்குப் பழகின கோபம்.

“மொத தடவ எப்ப அடிச்சான்?” என்று கேட்டார்.

தீபாவளிக்கு முன்ன என்றாள்.

அப்பாவின் குரல் உயர்ந்தது. தீபாவளிக்கு முன்னயா, இப்ப சித்திரை, இத்தனை மாசம் என்னா புடுங்கிக்கிட்டு இருந்த, ஒனக்குக் கால் இல்லையா, பஸ் இல்லையா, பெத்தவன் செத்தா போயிட்டான் என்று வரிசையாக வந்தது. சந்து முழுக்கக் கேட்டிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பக்கம் நின்று அவர் ஏசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“தைப்பூசத்துக்கு வந்தியே, அன்னிக்காவது சொல்லிருக்கலாம்ல? ஏன் சொல்லல?”

தங்கச்சி பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“சொல்லத்தான் வந்தேன்ப்பா. புருசன வெயில்ல நிக்க வச்சிட்டு இங்க என்னாடி கத, அறிவு கெட்ட மூதேவின்னு ஏசுனீங்க. அதான் திரும்பிப் போயிட்டேன். லீவு நாள் வரட்டும்னு காத்திருந்தேன்.”

அப்பா ஏதோ சொல்ல வாய் எடுத்தவர் நிறுத்தினார். அம்மாவின் அழுகையும் நின்றுவிட்டது. எனக்கும் அந்தத் தைப்பூசம் ஞாபகம் வந்தது. அவர் ஏசியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தினமும் கேட்கிறதுதானே என்று, காவடி பார்க்கிற அவசரத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அப்பா மறுபடி கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“அவன் அடிய விடவா எம்பேச்சு பெருசு?”

“ஆமாப்பா,” என்றாள் தங்கச்சி.

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கேட்டார், பதில் சொன்னாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைத்தாயிற்று, யாரும் சீனி கொண்டுவரமாட்டார்கள். ஏசுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.